மூட்டை இறங்கிற்று, உடம்பு கனத்தது

தூத்துக்குடியின் பழைய துறையில் கடல் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் கரையை அணுக மாட்டாமல் சில மைல் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றுவிடும். கரையிலிருந்து சரக்குப் போக வேண்டுமானால் அது முதலில் மனிதனுடைய முதுகில் ஏற வேண்டும். பிறகு தோணியில் ஏற வேண்டும். அதன் பிறகே கப்பலைக் காணும். பஞ்சுப் பொதியானாலும் உப்பு மூட்டையானாலும் இதுவே வழி. அந்நாளில் தூத்துக்குடியின் வியாபாரம் முழுவதும் தொழிலாளர்களின் தோளிலும் தொடையிலும் நடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் காலம் போயிற்று. ஆழமான புதிய துறைமுகம் எழுந்து, 1974-ம் ஆண்டு ஜூலை மாதம் 11-ம் தேதி நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் அதற்கு வ. உ. சிதம்பரனாரின் பெயரைச் சூட்டினார்கள். இப்போது கப்பல் கரையோடு ஒட்டி நிற்கிறது. உயரத்தில் ஓர் ஆசனத்தில் ஒருவர் அமர்ந்து விசையை அசைக்கிறார். லாரி அளவுள்ள இரும்புப் பெட்டி ஆகாயத்தில் எழும்பிக் கப்பலுக்குள் போய் இறங்குகிறது. பலபேர் ஒரு பகல் முழுவதும் சுமந்த சுமை சில நிமிஷங்களில் ஏறி விடுகிறது.

இதைக் கண்டு வருந்துகிறவன் மூட்டை சுமந்து அறியாதவனாகத்தான் இருப்பான். முதுகெலும்பு வளைந்தவர்களைக் கேட்டால், "இயந்திரம் வாழ்க!" என்றே சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்வோம். ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. உழைப்பு உடம்பை விட்டு இறங்கிப் போனபோது, அதோடு கூட வேறு ஏதாவது நம்மை விட்டுப் போயிற்றா?

இந்தக் கேள்வி துறைமுகத்துக்கு மட்டும் உரியதன்று. அம்மிக்குப் பதிலாக மின்சார யந்திரம் வந்தது. கிணற்றுக்குப் பதிலாகக் குழாய் வந்தது. நடைக்குப் பதிலாக ஸ்கூட்டர் வந்தது. குமாஸ்தாவுக்கு முன்பெல்லாம் ஒரு காகிதம் வேண்டுமானால் அடுத்த அறைக்காவது எழுந்து போக வேண்டியிருந்தது. இப்போது கணிப்பொறித் திரையில் விரலை அசைத்தால் போதும். நமது நாளில் நாம் எழுந்து நிற்க வேண்டிய காரணங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன. வைத்திய உலகத்தார் இதைக் குறித்து எழுபது வருஷங்களுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது நலம்.

முதல் ஆராய்ச்சி ஒரு பஸ்ஸில் தொடங்கிற்று. லண்டன் நகரத்தில் ஓடிய மாடி பஸ்களில் டிரைவர் ஒருவர், கண்டக்டர் ஒருவர். இருவரும் ஏறக்குறைய ஒரே சமூகத்தவர்கள். ஒரே வண்டியில் ஒரே புகையைச் சுவாசித்தவர்கள். வித்தியாசம் ஒன்றுதான்: டிரைவர் வேலை நேரத்தில் பெரும் பகுதியும் உட்கார்ந்திருந்தார், கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரையில் ஏறினார். ஜெரிமி மாரிஸ் என்ற வைத்தியர் இவர்களுடைய இருதய நோய்க் கணக்கைச் சேகரித்து, 1953-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார். கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே வந்தது. வந்தபோதும் உடனே உயிரைக் கொண்டு போகும் கடுமையான தாக்குதல்கள் இன்னும் குறைவாக இருந்தன.

மாரிஸ் அத்துடன் நிற்கவில்லை. பஸ் கம்பெனி தைத்துக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பருத்திருந்தது. 1956-ல் அந்தக் கணக்கையும் பிரசுரித்தார். தையற்காரரின் நாடாவும் விஞ்ஞானத்துக்கு உதவும் என்று அன்று தெரிய வந்தது.

இங்கே புத்திசாலியான வாசகர் ஒருவர் குறுக்கிட்டு, "பருத்தவர்களும் இளைப்பு உள்ளவர்களும் உட்காரும் உத்தியோகத்தைத் தாமே தேடிக் கொண்டிருக்கலாம் அல்லவா? அப்படியானால் குற்றம் ஆசனத்தின் மேல் இல்லையே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை மற்றொரு துறைமுகத்திலிருந்து கிடைத்தது.

அமெரிக்காவிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் 6,351 பேரை ரால்ப் பாப்பன்பார்கர் என்னும் வைத்தியர் 22 வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார். அங்கே ஒரு விதி இருந்தது. துறைமுகத்தில் சேருகிறவர் யாராயிருந்தாலும் முதல் ஐந்து வருஷங்கள் சுமை வேலை செய்தே தீர வேண்டும். ஆகவே, பலவீனர்கள் ஆரம்பத்திலேயே ஆசனத்தைத் தேடிப் போய் விட்டார்கள் என்று சொல்வதற்கு அங்கே அவ்வளவாக இடமில்லை. 1975-ல் வெளியான முடிவு இது: பளுவான வேலை செய்தவர்களில் இருதய நோயால் இறந்தவர்கள், 10,000 பேர் ஒரு வருஷம் வேலை செய்ததாகக் கணக்கிட்டால், சுமார் 27 பேர். இலேசான வேலை செய்தவர்களில் அதே கணக்குக்கு 49 பேர். ஒரே துறைமுகம், ஒரே கடற்காற்று. ஆயினும் மரணத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு வித்தியாசம்.

நமது தேசத்திலும் இப்படி ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. வங்காளத்தில் செங்கேல் என்னும் ஊரிலுள்ள சணல் ஆலையில் 213 பேருடைய உணவையும் எடையையும் வேலையையும் ஜீன் மேயர் என்பவரும், பூர்ணிமா ராய், மித்ரா ஆகிய நம்மவர்களும் அளந்து 1956-ல் எழுதினார்கள். வேலை அதிகமானால் பசி அதிகமாகும் என்று எல்லோரும் நினைப்போம். மூட்டை சுமப்பவர்கள் விஷயத்தில் அது உண்மையாகவே இருந்தது. ஆனால் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்களும் மேற்பார்வையாளர்களும் இலேசான வேலை செய்தவர்களைவிட அதிகமாக உண்டார்கள்! உட்காருகிறவனுக்குப் பசி குறைந்து கணக்குச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அந்த ஆலையில் தகர்ந்தது. வயிற்றுக்கு அளவு சொல்லிக் கொடுப்பதில் கால்களுக்கும் பங்கு உண்டு போலும்.

இது எவ்வாறு நேருகிறது? நமது உடம்பிலுள்ள தசைகளில் தொடையும் கெண்டைக்காலும் பெரியவை. நாம் சோறு உண்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. தசை இயங்கும்போது அந்தச் சர்க்கரையை இழுத்துக் கொள்கிறது. இன்சுலின் வந்து கதவைத் தட்டும் வரையில் காத்திருப்பதில்லை. தசை சும்மா கிடந்தாலோ முழுப் பொறுப்பும் இன்சுலின் தலையில் விழுகிறது. வருஷக் கணக்கில் இப்படியே நடந்தால், அந்தக் கதவுகள் இன்சுலினுக்குத் திறப்பதும் வரவர மந்தமாகிறது. அதுவே பலருக்கு நீரிழிவின் முதற்படி. 2012-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் பருமனான உடம்புள்ள சிலரை நெடுநேரம் உட்கார வைத்துச் சோதித்தார்கள். மற்றொரு நாளில் அவர்களையே இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுப்பி, இரண்டே நிமிஷம் மெதுவாக நடக்கச் சொன்னார்கள். அந்தச் சிறு நடையினால் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது.

இதிலிருந்து ஒரு நுட்பமான விஷயம் விளங்குகிறது. தேகப்பயிற்சி செய்யாமல் இருப்பது ஒரு குறை. நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது மற்றொரு குறை. காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டுப் பிறகு பத்து மணி நேரம் நாற்காலியோடு நாற்காலியாக ஒட்டிக் கொள்கிறவர் முதல் கடனைத் தீர்த்தவர்; இரண்டாம் கடனை முழுவதும் தீர்த்தவரல்லர். பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் கணக்கைத் திரட்டி 2016-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, எட்டு மணிக்கு மேல் உட்காருகிறவர் அந்தக் கேட்டை ஈடு செய்யத் தினம் 60 முதல் 75 நிமிஷங்கள் வரை சுறுசுறுப்பாக நடப்பது போன்ற உழைப்பு வேண்டும் என்று கூறுகிறது.

"அப்படியானால் மீண்டும் மூட்டை சுமக்கச் சொல்கிறீரா?" என்று கேட்க வேண்டாம். உழைப்பு வேறு, பயிற்சி வேறு என்பதையும் அதே விஞ்ஞானம் கண்டிருக்கிறது. 17 ஆராய்ச்சிகளிலிருந்து ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்து 2018-ல் பார்த்தபோது, கடுமையான உடலுழைப்பைத் தொழிலாக உடைய ஆண்கள், இலேசான தொழில் உடையவர்களைவிட அகால மரணத்துக்குச் சற்று அதிகமாகவே ஆளாகியிருந்தது தெரிந்தது. ஸான் பிரான்ஸிஸ்கோவில் கண்டதற்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் நாள் முழுவதும் ஓய்வின்றிப் பளுவைத் தூக்கினால் இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் தணிவதற்கே நேரமில்லாமல் போகிறது. தானாக விரும்பி நடப்பவனுக்கு இளைப்பாறும் உரிமை உண்டு, கூலிக்கு நடப்பவனுக்கு அது பெரும்பாலும் இல்லை என்று ஆராய்ச்சியாளர்கள் காரணம் சொல்கிறார்கள். அசைவு மருந்து, ஆனால் மருந்துக்கு அளவு உண்டு.

இதைத் தூத்துக்குடிக் கரையில் வாழ்கிறவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே முத்துக் குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கி, ஒரு நிமிஷம் போல மூச்சை அடக்கிச் சிப்பிகளை அள்ளி மேலே வந்தார்கள், மறுபடியும் இறங்கினார்கள். 1961-ம் ஆண்டோடு அந்த முத்துக்குளிப்பு நின்று போயிற்று. அவர்கள் மார்பு விரிந்திருந்தது என்று வியப்பது எளிது. அவர்கள் காதும் நுரையீரலும் கொடுத்த விலையை நினைப்பது அரிது. உப்பளத்தில் உச்சி வெயிலில் கால் வெடிக்க நின்று உப்பை வாரிச் சுமக்கும் ஸ்திரீகளிடம் போய், "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று உபதேசித்தால் அது பரிகாசமாகவே முடியும். அவர்களுக்கு வேண்டியது நிழலும் குடிதண்ணீரும் ஓய்வும்.

சிதம்பரனார் இந்த இரண்டையும் அறிந்தவர். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய அப்பெரியார், 1908-ல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலை நிறுத்தத்துக்குத் தலைமை வகித்தார். அந்தப் போராட்டத்தில் தொழிலாளர்கள் பெற்றது கூலி உயர்வு மாத்திரமல்ல. வேலை நேரக் குறைப்பும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையுங்கூட. உழைப்பவனுக்கு ஓய்வு உரிமை என்று வாதாடியவரையே அந்நிய அரசாங்கம் அதே வருஷம் சிறையிலிட்டு, கோயம்புத்தூரில் செக்கிழுக்க வைத்தது. செக்கைச் சுற்றி அவர் நடந்த நடையை யாரேனும் தேகாப்பியாசம் என்று சொல்வார்களா? நடை ஒன்றுதான், அதில் சுதந்திரம் இருக்கிறதா என்பதே வித்தியாசம்.

ஆகவே, தேசத்துக்கு இன்று இரண்டு கடமைகள் உண்டு. அளவுக்கு மிஞ்சி உழைப்பவனுக்கு இளைப்பாற இடம் கொடுக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி உட்காருகிறவனை எழுப்பி நடக்கச் செய்ய வேண்டும். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தவர்கள் என்று ஊகிக்கிறேன். அவர்களைப் பற்றிய கணக்கு மகிழ்ச்சி தருவதாக இல்லை. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் தமிழ்நாடு உட்பட நான்கு பிரதேசங்களில் 14,227 பேரை விசாரித்து 2014-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, நூற்றுக்கு 54 பேர் போதிய அசைவில்லாதவர்கள். நகரவாசிகளில் நூற்றுக்கு 65 பேர். கிராமத்தாரில் 50 பேர். விளையாட்டு, உலாவுதல் போன்ற பொழுதுபோக்கில் உடம்பை அசைப்பவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 2022-ம் ஆண்டுக்குரிய உலகக் கணக்கில், நமது தேசத்தின் வயது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் போதிய அளவு அசைவதில்லை என்று கண்டிருக்கிறது. ஆண்களில் நூற்றுக்கு 42, ஸ்திரீகளில் 57. நீரிழிவு உள்ளவர்கள் பத்துக் கோடி என்று 2023-ல் வந்த மற்றோர் அறிக்கை சொல்கிறது.

ஸ்திரீகளின் கணக்கு ஏன் இவ்வளவு மோசம்? "வீட்டு வேலையே போதாதா?" என்று கணவன்மார்கள் கேட்பதுண்டு. வீட்டு வேலை களைப்பைத் தரும். ஆனால் அதில் பெரும் பகுதி அடுப்பங்கரையில் நின்ற இடத்தில் நிற்பதுதான். இருதயம் சற்று விரைவாகத் துடிக்கும் நடை அதில் மிகக் குறைவு. மேலும், ஒரு குடும்பப் பெண் மாலையில் வெளியே நடந்து வர வேண்டுமானால் அதற்கு ஒரு முகாந்தரம் வேண்டியிருக்கிறது. சிவன் கோயிலுக்கோ பனிமயமாதா கோயிலுக்கோ போகிறேன் என்றால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. "சும்மா நடந்து வருகிறேன்" என்றால் மாமியார் முதல் அண்டை வீட்டார் வரையில் காரணம் கேட்கிறார்கள். நல்லது, கோயிலுக்கே போகட்டும். ஆனால் ஸ்கூட்டரில் போகாமல் நடந்து போகட்டும். கணவனும் கூடவே நடந்தால் இரண்டு உடம்புக்கும் நன்மை. பேசுவதற்கும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

இதனால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்கிறவர்களுக்குச் சென்னையிலிருந்தே இரண்டு சாட்சிகளைக் கொண்டு வரலாம். டாக்டர் ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைத் தேர்ந்தெடுத்து மூன்று வருஷங்கள் கவனித்தார்கள். யோசனை ஒன்றும் விசேஷமாகச் சொல்லப்படாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. தினம் அரை மணி நேரம் விரைவாக நடக்கவும் உணவைச் சீர் செய்யவும் சொல்லப்பட்டவர்களில் அது 39 பேருக்கே வந்தது. 2006-ல் வெளியான கணக்கு இது. மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை, நடையும் நாவடக்கமுந்தான்.

இரண்டாவது சாட்சி ஆசியாட் காலனி. அங்கே வைத்தியர்கள் வந்து நடையின் அவசியத்தை எடுத்துச் சொன்னார்கள். குடியிருப்போர், "நடக்கச் சொல்கிறீர்கள், எங்கே நடப்பது?" என்று யோசித்தார்கள். பிறகு தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்காவை அமைத்தார்கள். வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் பயிற்சி செய்தவர்கள் ஆரம்பத்தில் நூற்றுக்குப் பதினான்கு பேர். ஏழு வருஷங்களுக்குப் பின் ஐம்பத்தெட்டுப் பேருக்கு மேல். உபதேசம் காதில் விழுந்ததும் நன்மைதான். காலுக்கு ஓர் இடம் கிடைத்ததும் உபதேசம் பலித்தது. தூத்துக்குடிக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது, ரோச் பூங்கா இருக்கிறது, முத்துநகர் கடற்கரை இருக்கிறது. எந்த ஊரானாலும் நல்ல நடைபாதையும், இருட்டில் விளக்கும், முதியோர் இளைப்பாற ஒரு பலகையும் இருந்தால் நகரசபை ஓர் ஆஸ்பத்திரிக்குச் சமமான வேலையைச் செய்ததாகும்.

பாட்டிமார்களுக்கும் ஒரு வார்த்தை. பத்தாயிரம் அடி நடந்தால்தான் பயன் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அந்தத் தொகை 1965-ல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று அடி எண்ணும் கருவியை விற்பதற்காக வைத்த பெயரிலிருந்து பரவிற்று. 2019-ல் அமெரிக்காவில், சராசரி 72 வயதுள்ள பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்திரீகளைப் பரிசீலித்தார்கள். தினம் 2,700 அடி நடந்தவர்களைக் காட்டிலும் 4,400 அடி நடந்தவர்களுக்கு மரண பயம் வெகுவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் அதிக லாபம் காணவில்லை. ஆகவே, கொஞ்சமும் கொஞ்சந்தான் என்று அலட்சியம் செய்ய வேண்டாம்.

கடைசியாகக் குழந்தைகள். உபாத்தியாயர் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் தினம் சராசரி ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்று 2020-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வற்புறுத்தியிருக்கிறது. நம் பள்ளிக்கூடங்களில் பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது எது? விளையாட்டுப் பீரியடு! கணக்கு அதை எடுத்துக் கொள்ளும். கணக்கு விட்டால் விஞ்ஞானம் எடுத்துக் கொள்ளும். வெயில் தாழ்ந்து வீடு திரும்பும் பிள்ளை டியூஷனுக்குப் போய் மறுபடி உட்காருகிறது. இரவில் கைப்பேசியுடன் உட்காருகிறது. பத்துப் பன்னிரண்டு வயதிலேயே ஒரு காரியாலயக் குமாஸ்தாவின் வாழ்க்கையை அதற்கு நாம் அளித்து விடுகிறோம்.

சிதம்பரனார் தமது சுயசரிதையில், இளமையில் தாம் பழகிய விளையாட்டுக்களையும் வீர வித்தைகளையும் பிரியமாகச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் வழக்கறிஞராகவும் நூலாசிரியராகவும் விளங்கிய அவருக்கு விளையாட்டினால் படிப்புக் கெட்டுப் போகவில்லை.

அடுத்த முறை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது, மார்க்கு எத்தனை என்று கேட்ட பிறகு, இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மாதத்தில் என் குழந்தைக்கு எத்தனை விளையாட்டுப் பீரியடு நடந்தது?" பத்துப் பெற்றோர்கள் சேர்ந்து கேட்டால் எந்தத் தலைமை ஆசிரியரும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்குமானால், மூட்டை சுமக்காத நம் பிள்ளைகள் நோயையும் சுமக்காமல் வளர்வார்கள்.